பூனைக்குத் தெள்ளு பிடித்தால்

நெல்லும் விதைக்கடலையும் மூட்டையில் வைத்திருக்கிற வீட்டுக்குப் பூனை ஒன்று இருந்தால் எலிமருந்து தேவையே இல்லை. மாட்டுக்கு உண்ணி பிடித்தால் உடனே பார்க்கிற நாம், அந்தப் பூனை நாள் முழுக்க சொறிந்துகொண்டிருந்தால் மட்டும் ‘அது அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம்.

தெள்ளுப்பூச்சி வெறும் அரிப்போடு போவதில்லை. பூனையின் இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை அழிக்கிற ஹீமோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் இருக்கிறது. தெள்ளு மூலமாக இது பரவுவதாகக் கருதுகிறார்கள். பூனை தீனி எடுக்காது, மூலையில் சுருண்டு படுக்கும், மூச்சு வாங்கும். ஆட்டுக்குக் கீழ் இமையைப் புரட்டி இரத்தசோகை பார்க்கிறோம் இல்லையா, அதுபோல பூனைக்கு ஈறைப் பாருங்கள். வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுப்பார். அந்த மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். அதனால் கொடுத்ததும் ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் புகட்டுங்கள். காய்ச்சல் அடிக்குதே என்று நாமாகப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம்.

சின்னக் குட்டிகளுக்கு நோய்க்கிருமிகூட வேண்டாம். நிறையத் தெள்ளு சேர்ந்து இரத்தம் குடித்தாலே செத்துப்போகும்.

பார்டோனெல்லா என்ற கிருமி வேறு மாதிரி. தெள்ளின் எச்சத்தில் இருக்கும் அது, சொறியும்போது பூனையின் நகத்தில் ஏறிக்கொள்கிறது. பூனை நன்றாகத்தான் இருக்கும். அது பிறாண்டிய குழந்தைக்குத்தான் காய்ச்சலும், அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டலும் வரும்.

இனி மருந்து விஷயம். நாய்க்கு உண்ணிக்காக வாங்கிய மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்குத் தடவினால், அதில் பெர்மெத்ரின் இருந்தால், வலிப்பு வந்து பூனை செத்துவிடும். நாய்க்குத் தாங்குகிற அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. ‘நாம்தான் இயற்கை விவசாயி ஆச்சே, யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் போடுவோம்’ என்பதும் அதே ஆபத்துதான். பூனை தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும், தடவியது எல்லாம் வயிற்றுக்குப் போய்விடும். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே எதுவும் சாதுவாகிவிடாது. வேப்பெண்ணெயையும் நான் பயிரோடு நிறுத்திக்கொள்வேன்.

நாம் கைவைக்க வேண்டிய இடம் தரை. தெள்ளு பூனைமேல் இடுகிற முட்டை உதிர்ந்து, அது படுக்கிற சாக்கிலும் மண்ணிலும் விழுந்து புழுவாகிறது. புழுவுக்கு ஈரமும் நிழலும் வேண்டும், காய்ந்த வெயிலில் பிழைக்காது. ஆகவே சாக்கை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் போடுங்கள். படுக்குமிடத்தை மூலைமுடுக்கு விடாமல் பெருக்குங்கள். பேன்சீப்பால் பூனையை வாரி, சிக்குகிற தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதால் ஒரு வாரத்தோடு நிறுத்திவிட்டால் திரும்ப வந்துவிடும். அப்படியும் அடங்கவில்லை என்றால், பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை மருத்துவரிடம் எடை சொல்லிக் கேட்டு வாங்கி, நக்க எட்டாத பிடரியில் விட வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் அதே நாளில் அதற்குரிய மருந்து.