ஊரை விட்டு வந்தவர்களின் பாட்டு
கேட்க வேண்டிய 6 அமெரிக்க இசைத்தட்டுகள்

பிழைப்புக்காக வெளியூர் வந்தவர் வீட்டுக்கு என்ன எழுதுவார்? "இங்கே சவுக்கியம்" என்றுதான் எழுதுவார். பட்ட கஷ்டத்தை எழுத மாட்டார். அன்று கடிதம், இன்று செல்போன். பேச்சு மட்டும் மாறவில்லை.

இதையே ஒரு பாட்டாகப் பாடி இருக்கிறார்கள் அமெரிக்காவில். 1963-ம் ஆண்டு பாபி பேர் என்பவர் பாடிப் புகழ்பெற்ற "டெட்ராயிட் சிட்டி" என்ற பாட்டு அது. தெற்கே பருத்தி விளையும் ஊரில் பிறந்தவன், வடக்கே டெட்ராயிட் நகரில் கார் செய்யும் வேலைக்குப் போகிறான். அவன் கடிதங்களைப் பார்த்து, பையன் பெரிய ஆளாகிவிட்டான் என்று ஊரார் நம்புகிறார்கள். அவனோ தூக்கத்திலும் ஊரையே நினைத்து ஏங்குகிறான். வறட்டுக் கவுரவத்தை விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்கிறான்.

அமெரிக்கப் பாட்டு என்றாலே காதைப் பிளக்கும் கூச்சல் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அது முழு உண்மை அல்ல. மலைநாட்டு ஏழைகளின் பிடில் இசை, கறுப்பின மக்களின் "புளூஸ்" பாட்டு, மாதாகோவில் கீதம் ஆகிய மூன்றும் கலந்து வளர்ந்த ஓர் இசை அங்கே இருக்கிறது. அதில் தாளமும் மின்சார கிதாரும் ஓங்கி ஒலித்தால் "ரூட்ஸ் ராக்" என்பார்கள். "ரூட்ஸ்" என்றால் வேர்கள். இந்த வகை முழுவதற்கும் பொதுவாக "அமெரிக்கானா" என்று பெயர். 2010-ம் ஆண்டு முதல் கிராமி பரிசில் இதற்குத் தனி இடம் உண்டு.

பிரேக்ஸ்மேன் பாடகர்

இந்த இசைக்கு வழி போட்டவர்களில் ஒருவர் ரெயில்வே தொழிலாளி. பெயர் ஜிம்மி ராட்ஜர்ஸ். மிசிசிப்பி மாநிலம் மெரிடியன் நகரைச் சேர்ந்தவர். தகப்பனார் ரெயில் பாதை பராமரிப்பு மேஸ்திரி. பாதையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் சுமந்த சிறுவன், அவர்கள் பாடிய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தான். பெரியவனானதும் பிரேக்ஸ்மேன் வேலை.

1924-ம் ஆண்டு அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. ரெயில்வே வேலையை விட வேண்டியதாயிற்று. 1927 ஆகஸ்டில் டென்னசி மாநிலம் பிரிஸ்டல் நகரில் முதன்முதலாகப் பாட்டு பதிவு செய்தார். 6 ஆண்டுகள்தான் பாடினார். கடைசிப் பதிவின்போது பாட்டுக்குப் பாட்டு கட்டிலில் படுத்து எழுந்தார். 1933 மே 26-ந்தேதி நியூயார்க்கில் இறந்தபோது வயது 35. உடல் சொந்த ஊருக்கு ரெயிலில் வந்து சேர்ந்தது.

அந்த வழியில் வந்த 6 இசைத்தட்டுகள் இதோ. ஒன்று பழையது. மற்றவை கடந்த சில ஆண்டுகளில் வந்தவை.

1. நெப்ராஸ்கா

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடியது. வெளியான ஆண்டு 1982. நியூ ஜெர்சியில் வாடகைக்கு எடுத்த வீட்டில், சாதாரண கேசட்டில் பதிவு செய்யும் கருவியை வைத்துக்கொண்டு தனியாகப் பாடினார். தன் வாத்தியக் குழுவுக்குப் பாட்டை விளக்குவதற்காகத்தான் அப்படிச் செய்தார். பிறகு குழுவோடு வாசித்துப் பார்த்தார். கேசட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை. கேசட்டில் இருந்ததையே இசைத்தட்டாக வெளியிட்டார்.

இதில் "ஜானி 99" என்ற பாட்டைத் தவற விடக்கூடாது. கார் தொழிற்சாலையை மூடியதால் வேலை இழந்தவன், குடிவெறியில் இரவுப் பணியில் இருந்த ஒரு குமாஸ்தாவைச் சுட்டுவிடுகிறான். கோர்ட்டில் நிற்கும்போது தன் கடன் சுமையைச் சொல்கிறான். அவன் செய்த குற்றத்தைப் பாட்டு மறைக்கவில்லை. அவன் எப்படி அந்த நிலைக்கு வந்தான் என்பதையும் மறைக்கவில்லை.

2. எ செய்லர்ஸ் கைடு டு எர்த்

ஸ்டர்ஜில் சிம்ப்சன் 2016-ல் வெளியிட்டது. இவரும் ஒரு ரெயில்வேக்காரர்! கென்டக்கி மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வம்சத்தில் பிறந்தவர். கடற்படையில் இருந்தார். பிறகு சால்ட் லேக் சிட்டியில் யூனியன் பசிபிக் ரெயில்வே யார்டில் வேலை பார்த்தார். மனைவி தைரியம் சொல்ல, வேலையை விட்டுவிட்டுப் பாட்டுக்கு வந்தார்.

வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும் ஒரு மாலுமி, மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் எழுதும் கடிதம்போல இந்த இசைத்தட்டை அமைத்திருக்கிறார். இரண்டாம் உலகப்போரில் கடல் கடந்து போன இவருடைய தாத்தா வீட்டுக்கு எழுதிய கடிதமே இதற்குத் தூண்டுகோல். 9 பாட்டுகள். 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 2017-ல் கிராமி பரிசு பெற்றது. பிள்ளை வளர்வதை அருகில் இருந்து பார்க்க முடியாத தகப்பன்மார் இதை அவசியம் கேட்க வேண்டும்.

3. பர்கட்டரி

2017-ல் வந்தது. பாடியவர் டைலர் சில்டர்ஸ். இவரும் கென்டக்கிக்காரர், தகப்பனார் நிலக்கரித் தொழிலில் இருந்தவர். இதன் தயாரிப்பாளர்கள் இருவரில் ஒருவர் மேலே சொன்ன சிம்ப்சன். பிடிலும் பாஞ்சோவும் துள்ளி ஓடுகின்றன. குடியையும் போதையையும் பற்றிய பாட்டுகளும் உண்டு என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். கடைசிப் பாட்டு "லேடி மே". ஒரு கிதார், ஒரு குரல். மனைவியை நினைத்துப் பாடியது. அந்த ஒரு பாட்டுக்காகவே இசைத்தட்டு முழுவதையும் கேட்கலாம்.

4. டிரெயில் ஆப் பிளவர்ஸ்

பாடியவர் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த சியரா பெரெல். இளம் வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, சரக்கு ரெயில்களில் தொற்றி ஏறி ஊர் ஊராகச் சுற்றியவர். நியூ ஆர்லியன்ஸ், சியாட்டில் நகரத் தெருக்களில் பாடிக் காசு சேர்த்தவர். 2024-ல் வந்த இந்த இசைத்தட்டுக்கும் இதில் உள்ள பாட்டுகளுக்குமாக 2025-ல் 4 கிராமி பரிசுகள் கிடைத்தன. முதல் பாட்டான "அமெரிக்கன் டிரீமிங்" ஓயாமல் ஊர் சுற்றிப் பிழைப்பவரின் அலுப்பைச் சொல்கிறது. ஆனாலும் சோர்வு தட்டாத குரல்.

5. உட்லேண்ட்

கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் என்ற ஜோடி 2024-ல் வெளியிட்டது. நாஷ்வில் நகரில் உள்ள இவர்களது ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயர்தான் உட்லேண்ட். 2020 மார்ச்சில் ஒரு சூறாவளி அதன் கூரையைப் பிய்த்து எறிந்தது. இருவரும் இருட்டில், கொட்டும் மழையில், வாத்தியங்களையும் பதிவு நாடாக்களையும் தூக்கிக் காப்பாற்றினார்கள். கூடத்தைத் திரும்பக் கட்டி, அங்கேயே இதைப் பதிவு செய்தார்கள்.

முதல் பாட்டே ரெயில் பாட்டு. உயரமான ஆற்றுப் பாலத்தில் காலிச் சரக்குப் பெட்டிகள் போகின்றன. அவற்றின் ஊடே வானம் தெரிகிறது. ரெயில்வேயில் வேலை செய்கிற எவரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி. அதிலிருந்து ஒரு பாட்டு பிறந்திருக்கிறது.

6. கருங்குருவி காக்கையிடம் சொன்னது என்ன?

இந்தப் பொருள் தரும் "வாட் டிட் தி பிளாக்பேர்டு சே டு தி குரோ" 2025-ல் வந்தது. ரியானன் கிட்டன்ஸ் பாஞ்சோவும், ஜஸ்டின் ராபின்சன் பிடிலும் வாசிக்கிறார்கள். இருவரும் வட கரோலினாவைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர்கள்.

பாஞ்சோ வெள்ளையரின் வாத்தியம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் செய்தது. சுரைக்குடுவையின்மேல் தோலைப் போர்த்தி நரம்பு கட்டினார்கள். 1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பருக்கு ஒரு பிரிவு, மலைநாட்டு வெள்ளையருக்கு ஒரு பிரிவு என்று பாட்டைப் பிரித்து விற்றன. அதில் பாஞ்சோவின் பழைய சொந்தக்காரர்கள் மறக்கப்பட்டார்கள்.

ஜோ தாம்சன் என்ற கறுப்பின முதியவர் பிடில் வாசிப்பை விடாமல் காப்பாற்றி வந்தார். கிட்டன்சும் ராபின்சனும் அவரிடம் நேரில் கற்றவர்கள். 2012-ல் அவர் மறைந்தார். அவர் வாழ்ந்த வீட்டில், திறந்தவெளியில் உட்கார்ந்து, இந்த இசைத்தட்டின் சில பாட்டுகளை வாசித்திருக்கிறார்கள். கூடவே பறவைகளின் குரலும் சில்வண்டுகளின் ரீங்காரமும் கேட்கின்றன.

எப்படிக் கேட்பது?

ஆபீசில் ஆங்கிலம் எழுதிப் பழகியவருக்கும் இந்தப் பாடகர்களின் உச்சரிப்பு முதலில் பிடிபடாது. அதற்காகத் தயங்க வேண்டாம். முதல் முறை சொல்லைப் பற்றிக் கவலைப்படாமல் குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாவது முறை பாட்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பெரும்பாலும் எளிய சொற்கள்தான்: வீடு, ரெயில், அம்மா, கூலி, கடன்.

புதிதாகக் கேட்பவர்கள் சியரா பெரெல் பாட்டில் தொடங்கலாம். சிம்ப்சன் இசைத்தட்டில் ஊதுகுழல்களும் வயலின்களும் நிறைய. அதை அடுத்து வைத்துக்கொள்ளலாம். "நெப்ராஸ்கா"வைக் கடைசியாக, ராத்திரி அறையில் மற்றவர்கள் தூங்கியபின், சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்க வேண்டும்.

எல்லாம் செல்போனிலேயே கிடைக்கின்றன. ஷிப்டு முடிந்து மின்சார ரெயிலில் நின்றுகொண்டு வரும் நேரம் ஓர் இசைத்தட்டுக்குப் போதும். இறங்கியதும் ஊருக்கு ஒரு போன் போடலாம். "சவுக்கியம்" என்பதற்குமேல் இரண்டு வார்த்தை உண்மையும் பேசலாம்.