‘கழற்றலாமா?’: ஒரு வினாவும் அதன் விடைகளும்

நன்னூலின் பொதுவியலில் பவணந்தி முனிவர் விடையை எட்டு வகையாகப் பகுத்துள்ளார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன அவை. முதல் மூன்றும் நேர்விடைகள். பின்னைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. இதனை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் தேர்வுக்காகக் குறித்துக்கொள்வார்களேயன்றி, எங்கும் பயன்படும் ஒன்றாக எண்ணுவதில்லை. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். கணிப்பொறியின் உள்ளே நடக்கும் ஓர் உரையாடலைப் பற்றி அறிய நேர்ந்தபின் அவ்வெண்ணம் மாறியது.

அறிய நேர்ந்ததற்கு ஓர் இழப்பே காரணம். முன்பு ஒரு மலருக்கென மாணவர்கள் தட்டச்சு செய்த கட்டுரைகள் அனைத்தும் ஒரு சிறு பென் டிரைவில் இருந்தன. அச்சகத்துக்குச் செல்லும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று மாணவர் ஒருவர் அதனைக் கணிப்பொறியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார். அச்சகத்தில் திறந்தபோது கோப்புகளின் பெயர்கள் இருந்தன, உள்ளே எழுத்தில்லை. “திரையில் ஏதோ ஆங்கிலத்தில் வந்தது ஐயா, நான் ‘ஓ.கே.’ கொடுத்துவிட்டேன்” என்றார் அவர். கணிப்பொறி ‘இப்போது கழற்றாதே’ என்று விடை சொல்லியிருக்கிறது. கேட்டவருக்கு அது விடையாகப் படவில்லை. பன்னிரண்டு கட்டுரைகளை மீண்டும் தட்டச்சு செய்தோம். இரண்டு கட்டுரைகளுக்குக் கையெழுத்துப் படியே இல்லை.

பென் டிரைவைப் பொறுத்தவரை அந்த உரையாடல் மனிதனுக்கும் மென்பொருளுக்கும் இடையே நடப்பது. அதைவிடப் பெரிய கருவிகளில், மனிதர் கண்ணுக்குப் படாமல் இரண்டு நிரல்களுக்கு இடையிலேயே இவ்வுரையாடல் நடைபெறுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்விரண்டு நிரல்களில் ஒன்று கெர்னல் எனப்படுவது. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க முறைமைகளின் நடுவே அமர்ந்து செயலியையும் நினைவகத்தையும் வட்டுகளையும் பகிர்ந்தளிப்பது இதுவே. இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது பொருள். நாம் கடலைப் பருப்பு, முந்திரிப் பருப்பு என்கிறோமே, அதுதான். கலைச்சொல் ஆக்குவோர் யாரும் ‘பருப்பு’ என்று பெயரிடத் துணியவில்லை. இங்கு நாம் கருநிரல் என்போம். மற்றொன்று ஃபர்ம்வேர், அதாவது நிலைப்பொருள். இது கணிப்பொறியின் தாய்ப்பலகையில் உள்ள சில்லில் உற்பத்தியாளரே பதித்துவைத்த நிரல். பொத்தான் எங்கே, விளக்கு எங்கே, எந்தச் செருகுதுளைக்கு மின்சாரம் எவ்வழி செல்கிறது என்பனவெல்லாம் இதற்குத்தான் தெரியும். கருநிரலுக்கு அவை தெரியா. ஆனால் எந்தக் கருவியை யார் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்பது கருநிரலுக்குத்தான் தெரியும். அது நிலைப்பொருளுக்குத் தெரியாது. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாத இந்நிலையில் இருவரும் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டும்.

அப்பொதுமொழியை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் 1996 டிசம்பரில் வெளியிட்டன. ஏ.சி.பி.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். 2013 முதல் அதனைப் பேணிவருவது யு.இ.எஃப்.ஐ. மன்றம் என்னும் கூட்டமைப்பு. இவ்விலக்கணப்படி, நிலைப்பொருள் தன் வழிமுறைகளை அட்டவணைகளாக எழுதிக் கருநிரலிடம் ஒப்படைக்கிறது. கருநிரல் வேண்டியபோது அவற்றைப் படித்து நிறைவேற்றுகிறது. ஒவ்வொரு வழிமுறைக்கும் நான்கே எழுத்துகளில் பெயர். நம் கட்டுரைக்கு வேண்டியவை இரண்டு: கருவியை வெளியேற்றும் ‘இ.ஜே.0’, விளைவைத் தெரிவிக்கும் ‘ஓ.எஸ்.டி.’.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். வங்கிகளிலும் பெரிய அலுவலகங்களிலும் பயன்படும் சர்வர்கள் சிலவற்றில், இயந்திரத்தை நிறுத்தாமலேயே நினைவகப் பலகையையோ செயலியையோ கழற்ற முடியும். பழுதுபார்ப்பவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். உடனே பலகை கழன்றுவிடாது. நிலைப்பொருள் கருநிரலுக்கு 3 என்னும் எண்ணிட்ட அறிவிப்பை அனுப்புகிறது. ‘இக்கருவியைக் கழற்ற விரும்புகிறார்கள்’ என்பது அதன் பொருள். இது கட்டளையன்று, கோரிக்கை என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். கருநிரல் அப்பலகையில் குடியிருக்கும் தகவல்களை ஒவ்வொன்றாக வேறு பலகைகளுக்குக் குடிபெயர்க்கத் தொடங்குகிறது. பயனரின் நிரல்கள் வைத்திருக்கும் பக்கங்களைப் பெரும்பாலும் பெயர்த்துவிடலாம். கருநிரல் தனக்கென எடுத்துக்கொண்ட பக்கங்கள் பலவற்றைப் பெயர்க்க இயலாது. தன் காலடி மண்ணைத் தானே எடுத்து வேறிடத்தில் வைக்க யாரால் முடியும்? அத்தகைய பக்கம் ஒன்று அப்பலகையில் இருந்தாலும் போதும், கழற்றல் நின்றுபோகும். எல்லாம் வெற்றியாக முடிந்தால் மட்டுமே ‘இ.ஜே.0’ அழைக்கப்பட்டு மின்சாரம் துண்டிக்கப்படும். அதன் பின்னரும் கருநிரல் அக்கருவியின் நிலையை ஒருமுறை கேட்டுப் பார்க்கிறது. இன்னும் இயங்குவதாகத் தெரிந்தால் ‘வெளியேற்றம் முழுமையாகவில்லை’ என்று தன் குறிப்பேட்டில் எச்சரிக்கை எழுதிவைக்கிறது.

இதில் சிக்கல் எங்கே எழுகிறது என்றால், கழற்றல் தோற்றுப்போகும்போதுதான். கருநிரலுக்குத் தோல்வி தெரியும். பொத்தானை அழுத்தியவர் நிற்பதோ நிலைப்பொருளின் பக்கம். அவர் முன்னால் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. வேலை நடக்கிறதா, மறுக்கப்பட்டதா, மறந்தே போயிற்றா? முத்துப்பேட்டைப் பகுதியில் வாழ்வோருக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை. நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்பட்டது என்ற செய்தி செய்தித்தாளில் வந்துவிடும். கோரையாற்றிலும் பாமணியாற்றிலும் தண்ணீர் வந்து வயலில் ஏறியதா என்ற செய்தி மேலே போய்ச் சேர்வது எளிதன்று. மேலிருந்து கீழே ஆணை வரும் வழி ஒன்று. கீழிருந்து மேலே விடை போகும் வழி வேறொன்று. முன்னதை அமைத்தவர்கள் பின்னதையும் அமைத்தார்களா என்பதே கேள்வி.

ஏ.சி.பி.ஐ. அமைத்த விடைவழிதான் ‘ஓ.எஸ்.டி.’. கருநிரல் இதனை அழைக்கும்போது மூன்று செய்திகளைத் தருகிறது: எந்த அறிவிப்புக்கு இது விடை என்பது ஒன்று, விடையின் எண் ஒன்று, மேலதிக விளக்கம் இருந்தால் அது மூன்றாவது. முதலாவதைப் பாருங்கள். எந்த வினாவுக்கு விடை என்பதை விடையோடு சேர்த்தே சொல்லவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஊருக்கு வழி கேட்டவனிடம் தன் பசுவின் கன்றைப் பற்றிச் சொன்னவனை நம் உரையாசிரியர்கள் விடைவழுவுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவர். அவ்வழு இங்கு நேராதபடி முதலிலேயே அணை போட்டுவிட்டார்கள்.

விடையெண்களில்தான் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. 0 என்றால் வெற்றி. இது நேர். கழற்றல் கோரிக்கைக்கென்றே வகுத்த எண்கள் நாம் பழகிய பதின்ம முறையில் 128 முதல் 132 வரை. 128 என்றால் ‘இக்கருவியைக் கழற்றுவதற்கு இங்கு இடமில்லை’. இது வெளிப்படையான மறை. 129 ‘ஒரு பயன்பாட்டு நிரல் இதனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது’; 130 ‘கருவி வேலையாக இருக்கிறது’. “வருவாயா?” என்றதற்கு “காய்ச்சல் வந்துவிட்டது” என்பதுபோல, மறுப்பைச் சொல்லாமல் காரணத்தைச் சொல்லி மறுப்பை உணர்த்தும் விடைகள் இவை. உற்றது உரைத்தல் என்று நான் வகுப்பில் சொல்வது இதைத்தான். 132 ‘கழற்றிக்கொண்டிருக்கிறேன்’ என்பது. முடிவு இன்னும் வரவில்லை, வரப்போகிறது என்ற குறிப்புடைமையால் உறுவது கூறலுக்கு அருகில் நிற்கிறது. 2 என்றால் ‘நீ அனுப்பிய அறிவிப்பே எனக்கு விளங்கவில்லை’. வினாவெதிர் வினாதலின் உறவு. பொருத்தம் முற்றும் சரியன்று என்பதை இலக்கணம் வல்லோர் சொல்லக்கூடும், ஒப்புக்கொள்கிறேன்.

இடையே விட்ட 131 தனித்துச் சொல்லத்தக்கது. ‘இக்கருவியைச் சார்ந்த வேறொன்று விடுபட மறுக்கிறது’ என்பது அதன் பொருள். நம் ஊர்த் திருமணங்களில் சஹன் சாப்பாட்டில் அமர்ந்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். நால்வர் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்திருக்கும்போது, வயிறு நிறைந்தது என்று ஒருவர் மட்டும் எழுந்துவிடுவது முறையாகாது. மற்றவர் கை நிற்கும்வரை அவர் கையும் தட்டருகிலேயே இருக்கும். ஒரு பலகையில் பல கருவிகள் அமர்ந்திருக்கும்போது லினக்ஸ் கருநிரலும் அவற்றை ஒவ்வொன்றாகப் பணியிலிருந்து விலக்க முயல்கிறது. முதற்சுற்றில் ஒன்று மறுத்தால், மற்றொன்று விலகியபின் அதுவும் விலகக்கூடும் என்று இரண்டாம் சுற்றும் முயல்கிறது. அப்போதும் மறுத்தால், முன்பே விலகியவற்றையெல்லாம் மீண்டும் பணிக்கு அழைத்துக்கொள்கிறது. எழுந்தவர்கள் திரும்ப அமர்கிறார்கள். பந்தி கலைவதில்லை.

இவ்வளவு நுட்பமாக விடைகள் வகுக்கப்பட்டிருந்தும் நடைமுறை வேறாக இருப்பதைச் சொல்லியாக வேண்டும். லினக்ஸில் செயலி, நினைவகம் முதலியவற்றுக்கு இவ்விடைவழி பரவலாகச் சேர்க்கப்பட்டது 2012இல்தான். இன்றும் அதன் பொதுவான கழற்றல் பகுதி, கழற்றத் தொடங்குகையில் 132 என்று சொல்கிறது. முடிவில் வெற்றியானால் 0, அனுமதி இல்லையானால் 128, வேலையாக இருந்தால் 130, மற்றெல்லாத் தோல்விகளுக்கும் 1. இந்த 1 என்பதன் பொருள் ‘தோல்வி, காரணம் குறிப்பிடப்படவில்லை’. யார் பிடித்துக்கொண்டிருக்கிறார், எதைச் சார்ந்தது தடுக்கிறது என்ற வேறுபாடுகள் அவ்விடத்தில் கரைந்துபோகின்றன. விண்ணப்பத்தின் ஓரத்தில் ‘ஏற்பதற்கில்லை’ என்று மட்டும் எழுதித் திருப்பியனுப்பும் அலுவலகங்களை நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய விடையும் விடைதான், மௌனத்தைவிட மேல்தான். ஆனாலும் கேட்டவர் அடுத்து என்ன செய்வது என்பதை அது சொல்வதில்லை. வகுத்துவைத்த சொற்கள் இருக்க, வாய் திறப்பவர் இரண்டு மூன்றையே பயன்படுத்துவது எனக்கு உடன்பாடானதன்று. நிலைப்பொருளை எழுதும் உற்பத்தியாளர்களும் பிழையற்றவர்கள் அல்லர். ‘ஓ.எஸ்.டி.’ கட்டாயமன்று என்பதால் பலர் அதனை எழுதுவதே இல்லை. அப்போது கருநிரல் சொல்லும் விடை, கேட்பார் இல்லாத அறையில் சொன்ன விடையாகிவிடுகிறது.

கேட்பவர் உள்ள இடத்தில் இது எவ்வளவு பயன்படும் என்பதற்கு மெய்நிகர் இயந்திரங்களே சான்று. ஒரு பெரிய கணிப்பொறிக்குள் பல கற்பனைக் கணிப்பொறிகளை ஓடவிடும் கியூஎமு என்னும் மென்பொருள், உள்ளேயிருக்கும் இயந்திரத்துக்குத் தானே நிலைப்பொருளின் இடத்தில் நிற்கிறது. வெளியே உள்ள நிர்வாகி ‘இவ்வளவு நினைவகத்தைத் திருப்பிக்கொடு’ என்று கேட்டால், உள்ளிருக்கும் கருநிரல் மேற்கண்ட எண்களிலேயே விடை சொல்கிறது. கியூஎமு அதனை நிர்வாக மென்பொருளுக்கு எடுத்துரைக்கிறது. நினைவகம் திரும்பி வந்துவிட்டது என்று தவறாக எண்ணி அதனை வேறொருவருக்கு ஒதுக்கிவிடாமல் காப்பது அந்த ஓர் எண்தான்.

கண்ணுக்குத் தெரியும் விடையும் உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் வகைச் செருகுதுளைகளில் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு மினுக்கும். ஐந்து நொடிக்குள் மீண்டும் அழுத்தினால் கோரிக்கையைத் திரும்பப் பெற்றதாகக் கொள்ளப்படும். பச்சை அணைந்தால் கழற்றலாம். மஞ்சள் விளக்கு எரிந்தால் ஏதோ கோளாறு. மொழி அறியாதவரும் படிக்கக்கூடிய விடை இது.

எங்கள் பென் டிரைவுக்கு அத்தகைய விளக்கில்லை. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸுடன் சீடாக் நிறுவனத்தின் ‘பாஸ்’ லினக்ஸும் இடம்பெற்றது. இந்திய மொழிகளில் திரைச்செய்தி காட்டும் நோக்கத்துடன் எழுந்தது அது. எம் துறைக் கணிப்பொறியின் அருகே இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். கழற்றும்போது திரையில் வரக்கூடிய ஆங்கிலச் செய்திகளும், எதிரே அவற்றின் தமிழ்ப்பொருளும் அதில் உள்ளன. ‘டிவைஸ் இஸ் பிஸி’ என்பதற்கு எதிரே, ‘இதனை வேறொரு நிரல் பயன்படுத்துகிறது, திறந்துள்ள கோப்புகளை மூடிவிட்டு மீண்டும் கேள்’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவர், அன்று பேருந்துக்கு ஓடிய அதே மாணவர்.