பழைய எஞ்சின், புது மூச்சு – 6: சம்ப்பில் கிடக்கும் பற்கள்

சென்ற வாரம் 1966 பாண்டியாக் ஜிடிஓவின் எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் ஏற்றினோம். ஸ்பானரைத் தொடுமுன் டீசலும் பிரஷும் எடுத்துக் கழுவத் தோன்றும். வெளியே வேண்டுமானால் கழுவிக்கொள்ளுங்கள். உள்ளே மட்டும் இப்போது கூடாது. எஞ்சின் எதனால் படுத்தது என்பதற்குச் சாட்சி உள்ளே படிந்த கசடுதான்.

முதலில் அளவு. 389 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 6.4 லிட்டர். எட்டால் வகுத்தால் சிலிண்டருக்கு 797 சிசி. நம் மாருதி 800-இன் மூன்று சிலிண்டரும் சேர்ந்தே 796 சிசிதான். எட்டு மாருதிகளை ஒரே இரும்புப் பிளாக்கில் குடிவைத்த மாதிரி! நான்கு பேரல் கார்புரேட்டரோடு 335 குதிரைத்திறன் என்றது கம்பெனி. துணைக்கருவிகளைக் கழற்றிவிட்டு மேடையில் அளந்த கணக்கு அது; பெண் பார்க்க வரும்போது சொல்லும் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கத்தான் முரடு, இது பந்தயத்துக்குப் பிறந்த எஞ்சின் அல்ல. கேட்டலினா, போனவில் என்று குழந்தை குட்டிகளோடு ஊர்சுற்றிய பெரிய பாண்டியாக் கார்களின் எஞ்சின். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் கட்டுப்பாடு வைத்திருந்தது. பாண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் சகாக்களும் 1964-இல் அதில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். புது மாடல் என்று அறிவிக்காமல், டெம்பஸ்ட் லெமான்ஸ் காருக்கு வேண்டுவோர் கூடுதல் பணம் கட்டி வாங்கும் ஐட்டமாக 389-ஐ நுழைத்தார்கள். அந்த வருடம் 32,450 விற்றது. தனி மாடலாக உயர்ந்த 1966-இல் 96,946.

குடும்பக் காரின் எஞ்சின் என்பதை மறக்காதீர்கள். கழற்றக் கழற்ற அது தெரியவரும்.

மேலிருந்து தொடங்குவோம். ராக்கர், புஷ்ராடு, லிஃப்டர் மூன்றிலும் பதினாறு பதினாறு. அட்டையில் பதினாறு ஓட்டை போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எண் எழுதிச் செருகி வையுங்கள். லிஃப்டரின் அடி தட்டையாகத் தெரியும். உண்மையில் மிக லேசான குவிவு. அதை உதைக்கும் கேம் முனையும் ஒரு பக்கம் சற்றே சரிந்திருக்கும். அதனால்தான் லிஃப்டர் ஏறி இறங்கும்போதே சுழல்கிறது. ஓடி ஓடி இரண்டும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியிருக்கும். பழைய கேமையே திரும்பப் போடுவதானால் ஜோடி மாறக் கூடாது. மாறினால் இரண்டுமே போச்சு.

அடுத்து முன்பக்க டைமிங் மூடி. அந்தக் காலத்துப் பாண்டியாக் எஞ்சின்கள் பலவற்றில் கேமின் பல்சக்கரம் அலுமினியம். அதன் பற்கள் நைலான். காரணம் ஒன்றுதான்: செயின் சத்தம் வண்டிக்குள் கேட்கக் கூடாது. உறுமலுக்காகவே வாங்கிய காருக்குள் ஓசைப்படாமல் ஓட ஒரு சக்கரம்! குடும்பக் காரிலிருந்து வந்த சீதனம் அது.

சூட்டிலும் எண்ணெயிலும் வருடக்கணக்கில் ஊறிய நைலான் மொறமொறத்து உடையும். மூடியைத் திறந்தால் சக்கரம் பொக்கை வாய். பல் போனால் செயின் தளர்ந்து ஒரு பல் தாண்டும். வால்வு நேரம் தப்பும். ஒருநாள் காலையில் வண்டி கிளம்பாது.

உதிர்ந்த பற்கள் எங்கே? எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை, அதாவது சம்ப்பைக் கழற்றுங்கள். அடியில் கறுப்புக் கசடு. நடுவே எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வலை. அதில் மாட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகளை விரலால் தடவிப் பாருங்கள், நைலான். வலை அடைத்தால் பம்புக்கு எண்ணெய் இல்லை. பிறகு பேரிங்குகளைப் பிரித்தால் சேதி முழுதாக வந்துவிடும். சாம்பல் பூச்சு தேய்ந்து அடியிலுள்ள செம்பு பளபளத்தால், எண்ணெய் வராத நாட்களின் கணக்கு அது.

கன்ராடுகளை வெளியே எடுக்கும்போது போல்ட் முனைகளுக்கு ரப்பர் குழாய் மாட்டுங்கள். கிராங்கில் ஒரு கீறல் விழுந்தாலும் செலவு ஏறும். ராடும் மூடியும் ஒரு ஜோடி, அதையும் பிரிக்கக் கூடாது. இந்த ராடுகள் வார்ப்பு. அடித்துச் செய்த ஃபோர்ஜிங் அல்ல. மிதமாக ஓட்டினால் தாங்கும், எகிற எகிறச் சுற்றினால் ஒடியும். வைத்துக்கொள்வதா என்று கேட்டால், எஞ்சினை இவ்வளவு தூரம் பிரித்த பிறகு அங்கே கஞ்சத்தனம் வேண்டாம் என்பேன்.

பிளாக் லேத் பட்டறைக்குப் போய் 30 தௌ ரீபோர் ஆகித் திரும்பட்டும். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங். நைலானுக்குப் பதில் முழு இரும்புச் சக்கரம். சத்தம் வந்தால் வரட்டும்.

எல்லாம் பூட்டியதும் சாவியைத் தேடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரை இன்னும் மாட்டவில்லை. எண்ணெய்ப் பம்பைச் சுற்றுவது அதன் தண்டுதான். அந்தத் துளைக்குள் நீளக் கம்பியை இறக்கி டிரில் மெஷினால் இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். முதலில் லேசாக ஓடும். திடீரென்று மெஷின் முனகி, கையை முறுக்கும், அழுத்தம் ஏறிவிட்டது. கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மறுபடியும் சுற்ற, புஷ்ராடுகளின் உள்துளை வழியே எண்ணெய் ஏறி ஒவ்வொரு ராக்கராக நனையும். பதினாறையும் எண்ணிப் பாருங்கள். பதினைந்து போதாது.

(தொடரும்)