ரூட்டரில் கையால் எழுதும் வழி

ஒரு ரூட்டருக்குத் தன்னோடு நேரடியாக இணைந்திருக்கும் வலையமைப்புகள் மட்டுமே தாமாகத் தெரியும். அவற்றுக்கு அப்பால் செல்லவேண்டிய தரவுப் பொட்டலத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை அது வேறு வகையில் அறிந்தாக வேண்டும். ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற நெறிமுறைகளின் வழியே அண்டை ரூட்டர்களிடமிருந்து கற்றுக்கொள்வது ஒரு வகை. நிர்வாகியே கையால் எழுதி வைக்கும் 'ஸ்டாட்டிக் ரூட்', அதாவது நிலைவழி, மற்றொரு வகை.

நிலைவழியில் சேருமிட வலையமைப்பின் முகவரியும், அம்முகவரியின் எவ்வளவு பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் மாஸ்க்கும், பொட்டலத்தை அடுத்து ஒப்படைக்கவேண்டிய ரூட்டரின் முகவரியும் இடம்பெறுகின்றன. தலைமை அலுவலகம் 192.168.1.0 என்ற வலையமைப்பிலும் கிளை அலுவலகம் 192.168.2.0 என்பதிலும் இருந்து, இடையிலுள்ள இணைப்பின் முனைகள் முறையே 10.0.0.1, 10.0.0.2 என்று கொண்டால், தலைமை அலுவலகத்தின் சிஸ்கோ ரூட்டரில் 'ஐபி ரூட் 192.168.2.0 255.255.255.0 10.0.0.2' என்ற ஒரே வரி போதும். ஆனால் இவ்வரி போகும் வழியை மட்டுமே சொல்கிறது. கிளை ரூட்டரில் திரும்பும் வழி எழுதப்படாவிட்டால் பொட்டலம் போய்ச் சேர்ந்தும் பதில் வராது. அங்கே இணையத்தை நோக்கிய பொதுவழி ஒன்று இருந்தால் பதில் அதன் வழியே வெளியேறித் தொலைந்துபோகும். கேபிளையும் ஃபயர்வாலையும் சந்தேகித்துப் பொழுதைப் போக்குவதற்கு முன் பார்க்கவேண்டியது இதைத்தான்.

பொதுவழி என்பது 0.0.0.0/0 என்று எழுதப்படும், எல்லா முகவரிகளுக்கும் பொருந்தும் வழியாகும். வேறு எந்த வழியும் பொருந்தாதபோதே அது பயன்படுகிறது. பல வழிகள் பொருந்தினால் மிகக் குறுகிய முகவரித் தொகுதியைச் சுட்டும் வழியே வெல்லும் என்பது ரூட்டர்களின் அடிப்படை விதி. எடுத்துக்காட்டாக, 2008 பிப்ரவரி 24 அன்று, உள்நாட்டில் யூடியூபைத் தடுக்க முனைந்த பாகிஸ்தான் டெலிகாம், அத்தளத்தின் 256 முகவரிகளுக்கான வழியை பிஜிபி மூலம் வெளியுலகுக்கும் அறிவித்துவிட்டது. யூடியூபின் சொந்த அறிவிப்போ 1,024 முகவரிகள் கொண்ட தொகுதிக்கானதாக இருந்ததால், உலகின் பல பகுதிகளிலிருந்த ரூட்டர்கள் குறுகியதையே தேர்ந்தெடுத்தன, யூடியூப் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எட்டாமற்போயிற்று. நாடுகளுக்கிடையே செயல்பட்ட இதே விதிதான் சிறு அலுவலகத்தின் ரூட்டரிலும் இயங்குகிறது.

நிலைவழி நெறிமுறைகளைப் போல அண்டை ரூட்டர்களோடு ஓயாமல் பேசுவதில்லை, எழுதியவாறே நிற்கிறது. மாறாத சிறு வலையமைப்புக்கு இதைவிட எளியது இல்லை. தன் பக்கத்து போர்ட் இயங்கும் வரை அது நம்பிக்கையோடு பொட்டலங்களை அனுப்பிக்கொண்டே இருப்பதால், நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்து அதற்கப்பால் இணைப்பு அறுந்தாலும் அதற்குத் தெரியாது என்பதே குறை. நெறிமுறை தவறும்போது மட்டும் உதவும் மாற்றுவழியாகவும் அதை வைக்கலாம்: சிஸ்கோ ரூட்டர்களில் நிலைவழியின் முன்னுரிமை எண் 1, ஓஎஸ்பிஎஃப்பினுடையது 110, சிறிய எண்ணே முந்தும்; ஆகவே நிலைவழிக்கு 200 என்று கொடுத்தால், ஓஎஸ்பிஎஃப் கற்ற வழி மறையும் வரை அது ஒதுங்கி நிற்கும்.

எழுதிய வரி உடனே செயல்பட்டாலும் அது ரூட்டரின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. தொடக்க அமைப்புக் கோப்பில் தனியாகச் சேமிக்காவிட்டால் அடுத்த மின்தடையோடு போய்விடும்.