கம்பெனி மூழ்கினால் டைரக்டர் தப்பலாமா?

“அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்” என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிடும். கடன் வாங்கியவர் கையை விரித்துவிட்டார். இனி அவரிடம் இருப்பதைக் கோர்ட்டு எடுத்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்.

கையை விரித்தது ஒரு மனிதர் அல்ல, ஒரு லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடனுக்குச் சரக்கு அனுப்பிய வியாபாரி, பணம் கேட்டு டைரக்டரின் பங்களா வாசலில் நிற்கிறார். டைரக்டரோ, “அது கம்பெனியின் கடன் ஐயா, என் கடன் அல்ல!” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார்.

அவர் சொல்வது சட்டப்படி சரிதானா? பெரும்பாலும் சரி. ஆனால் எப்போதும் சரி அல்ல!

சென்னை கண்ட முறிவு

1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அதில் போட்டிருந்த பணம் முடங்கியது. பெயரில் ‘கம்பெனி’ இருந்தாலும் அது கூட்டு வியாபாரந்தான். கூட்டு வியாபாரத்தில் ஒவ்வொரு கூட்டாளியின் சொந்தச் சொத்தும் கடனுக்குப் பொறுப்பு. தலைமைக் கூட்டாளியான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட், மோசடி செய்ததாகத் தீர்ப்பாகி, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

லிமிடெட் கம்பெனியின் கதை வேறு. பங்குக்கு உரிய பணத்தைப் பங்குதாரர் கட்டிவிட்டால் அதோடு அவர் பொறுப்பு தீர்ந்தது. கம்பெனி எவ்வளவு நஷ்டப்பட்டாலும் அவருடைய வீட்டையும் நிலத்தையும் தொட முடியாது. இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால், யாரோ நடத்தும் ஆலையில் பணம் போட யார் துணிவார்கள்?

பூட்ஸ் வியாபாரி சாலமன்

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு பலமானது என்பதை உலகுக்குக் காட்டியவர் லண்டன் பூட்ஸ் உற்பத்தியாளர் ஆரோன் சாலமன். 1892-ல் அவர் தம் வியாபாரத்தை லிமிடெட் கம்பெனி ஆக்கினார். மொத்தம் 20,007 பங்குகள். மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. மற்றவை எல்லாம் அவருக்கே! வியாபாரத்தைக் கம்பெனிக்கு விற்ற விலையில் 10,000 பவுனுக்கு ‘டிபென்சர்’ என்னும் கடன் பத்திரமும் பெற்றார். கம்பெனி கலைந்தால், சாதாரணக் கடன்களுக்கு முன்பு அந்தப் பத்திரத்துக்குத்தான் பணம் தர வேண்டும்.

மறு ஆண்டே கம்பெனி முறிந்தது. சரக்குக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. “கம்பெனியாவது, மண்ணாங்கட்டியாவது! எல்லாம் சாலமன்தானே!” என்று அவர்கள் சார்பில் கோர்ட்டில் வாதாடப்பட்டது. 1896-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: சட்டப்படி பதிவான கம்பெனி தனி ஆசாமி; அதன் கடனுக்குச் சாலமன் பொறுப்பல்ல.

சாலமன் மோசடிக்காரர் அல்ல. தம் பத்திரத்தை ஈடு வைத்து 5,000 பவுன் வாங்கி, அதையும் கம்பெனிக்கே கொடுத்திருந்தார். ஆனால் அவருக்குக் கிடைத்த அதே கேடயத்தை மோசடிக்காரன் ஒருவன் பிடித்துக்கொண்டால்?

மூழ்கும் கப்பலில் ஏற்றிய சரக்கு

பிடித்துக்கொள்ளத்தான் செய்தார்கள்! ஆகவே 1929-ம் ஆண்டு பிரிட்டிஷ் கம்பெனிச் சட்டத்தில் ஒரு புதுப் பிரிவு வந்தது. கம்பெனியைக் கலைக்கும்போது, கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் எண்ணத்துடன் வியாபாரம் நடந்தது தெரியவந்தால், தெரிந்தே அதில் கலந்துகொண்டவர்களைக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பாக்கலாம் என்றது அது.

1932-ல் வில்லியம் ஸி. லீச் பிரதர்ஸ் லிமிடெட் என்ற கம்பெனியின் வழக்கு வந்தது. இங்கும் டைரக்டரிடம் கம்பெனியின் டிபென்சர் இருந்தது. கம்பெனியால் கடன் கட்ட முடியாது என்று தெரிந்த பிறகும் அவர் சுமார் 6,000 பவுனுக்குச் சரக்கு தருவித்தார். சரக்கு வந்து சேர்ந்ததும் டிபென்சரின் பிடிக்குள் போயிற்று. அதாவது ஊரார் அனுப்பிய சரக்கு, டைரக்டரின் சொந்தக் கடனுக்கு ஈடாயிற்று!

நீதிபதி மாம் இந்தத் தந்திரத்தை மன்னிக்கவில்லை. 6,000 பவுனுக்கு அந்த டைரக்டரே சொந்தப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தார்.

அசட்டுத்தனம் வேறு, மோசடி வேறு

அப்படியானால் நஷ்டப்பட்ட டைரக்டர் ஒவ்வொருவரும் வீட்டை விற்க வேண்டியதுதானா? இல்லை. 1933-ல் இன்னொரு வழக்கில் அதே நீதிபதி மாம் எல்லைக் கோட்டை வரைந்தார். வியாபாரத்தில் தவறாகக் கணக்குப் போடுவது மோசடி அல்ல. மனமறிந்த நேர்மைக்கேடு இருந்தால்தான் மோசடி என்றார். அந்த வழக்கில் டைரக்டர் தப்பினார்.

நியாயந்தானே! மழை பொய்த்துப் பருத்தி விலை ஏறியதால் ஆலை நஷ்டப்பட்டால் அதை நடத்தியவர் என்ன செய்வார்? “அடுத்த மாதம் சமாளித்துவிடலாம்” என்று நம்பியவரும், நம்பிக்கை போன பின்பும் பிறர் பொருளை வாங்கிக் குவித்தவரும் ஒன்றல்ல.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 1956-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 542-வது பிரிவு இதே ஏற்பாட்டைச் செய்தது. இன்று அது 2013-ம் ஆண்டுச் சட்டத்தில் 339-வது பிரிவு. லிக்விடேட்டர் மட்டுமல்ல, கடன் கொடுத்தவரோ பங்குதாரரோகூட இதன்கீழ் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். மோசடி ருசுவானால் சொந்தப் பொறுப்போடு சிறையும் உண்டு.

கடனைக் கட்ட முடியாமல் முறியும் கம்பெனிகளுக்கு 2016-ம் ஆண்டுத் திவால் சட்டம் இருக்கிறது. அதன் 66-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கம்பெனி திவால் நடவடிக்கையிலிருந்து தப்ப வழியில்லை என்பது தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தும், கடன் கொடுத்தவர்களின் நஷ்டத்தைக் குறைக்கத் தக்க கவனம் எடுக்காத டைரக்டரும் பணம் கட்ட நேரிடலாம். “எனக்குத் தெரியாது, மானேஜர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்” என்பது அங்கே எளிதில் எடுபடாது.

தேதி பேசும்!

ஒருவர் மனத்தில் இருந்த எண்ணத்தை எப்படி ருசுப்பிப்பது? அதுதான் கஷ்டம். டைரக்டரின் நெஞ்சைத் திறந்து பார்க்க முடியாது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். செக் திரும்பி வந்தது எந்தத் தேதி? அதற்குப் பிறகு ஆர்டர் போனது எந்தத் தேதி? கடைசி நாட்களில் யார் யாருக்குப் பணம் போயிற்று, வெளியாருக்கா, மைத்துனருக்கா? இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எண்ணம் தானே வெளிப்படும்.

ஆகையால், கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் வியாபாரி தம்மிடமுள்ள தஸ்தாவேஜுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். “பணம் பத்து நாளில் வரும், சரக்கை அனுப்புங்கள்” என்று டைரக்டர் எழுதிய கடிதம், அவர் போட்ட கையெழுத்து, திரும்பி வந்த செக் எல்லாவற்றையும் தேதியோடு வைத்திருக்க வேண்டும். இன்று சாதாரணக் காகிதமாகத் தோன்றுவது, நாளைக்கு அந்தப் பங்களாவின் கதவைத் திறக்கும் சாவியாகலாம்.

லிமிடெட் என்ற சொல் நஷ்டத்துக்குத்தான் எல்லை கட்டியிருக்கிறது. மோசடிக்கு அது காவல் நிற்காது!