கை ஓங்கினால் மட்டுமல்ல, மிரட்டினாலும் குற்றம்தான்: செவிலியர் பாதுகாப்பு பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராத்திரி இரண்டு மணி. மருத்துவமனை பொது வார்டு. ஒரு கட்டிலில் டிரிப் மாற்றணும், பக்கத்துக் கட்டிலில் காய்ச்சல் ஏறியிருக்கு. அந்த நேரம் பார்த்து நோயாளியின் உறவினர் ஒருவர் மேசையைத் தட்டி, "டாக்டரை இப்பவே கூப்பிடு. இல்லேன்னா நீ வீடு போய்ச் சேர மாட்ட" என்று சத்தம் போடுகிறார். சிஸ்டர் பதில் பேசாமல் டிரிப்பை மாற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். விடிந்ததும் ரிப்போர்ட் புத்தகத்தில் நோயாளிகளின் நிலவரத்தை எல்லாம் எழுதுகிறார். தனக்கு நடந்ததை மட்டும் எழுதவில்லை. "அடிக்கலையே, இதை எங்க போய் சொல்றது?" என்று விட்டுவிடுகிறார்.

பல வார்டுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். தங்கள் பணிக்காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகும் சுகாதாரப் பணியாளர்கள் 8 முதல் 38 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிரட்டலும் வசவும் இதைவிட அதிகம். ஆனால் எழுத்தில் வராத சம்பவம், நிர்வாகத்தின் கணக்கில் நடக்காத சம்பவம்தான். அதனால் அந்த வார்டுக்கு கூடுதல் காவலாளியும் வராது, கேமராவும் வராது.

நீங்கள் செவிலியராக இருக்கலாம். உங்கள் வீட்டில் ஒரு செவிலியர் இருக்கலாம். நாளைக்கே ஒரு நோயாளிக்குத் துணையாக வார்டில் உட்காரவும் நேரலாம். மூன்று பேருக்குமே இந்தக் கட்டுரை உதவும்.

சட்டம் எதை வன்முறை என்கிறது?

தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு தனிச் சட்டம் 2008-லேயே வந்துவிட்டது. மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையையும் மருத்துவமனைச் சொத்துகள் சேதப்படுத்தப்படுவதையும் தடுக்கும் சட்டம் அது (தமிழ்நாடு சட்டம் 48/2008). காயம் ஏற்படுத்துவது மட்டுமல்ல, பணியில் இருப்பவரை மிரட்டுவதும் வேலை செய்ய விடாமல் தடுப்பதும் இந்தச் சட்டப்படி வன்முறைதான். மேலே சொன்ன சிஸ்டரின் கேள்விக்கு இதுவே பதில்.

மருத்துவர்கள், செவிலியர்கள், நர்சிங் மாணவ மாணவியர், துணை மருத்துவப் பணியாளர்கள் எல்லோருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடு கிடையாது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் 3 முதல் 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. இது ஜாமீனில் விட முடியாத குற்றம். போலீசார் வாரண்ட் இல்லாமலேயே கைது செய்யலாம்.

சட்டம் இருந்தும் சம்பவங்கள் நிற்கவில்லை. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில், பணியில் இருந்த மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். சட்டம் தானாக வேலை செய்யாது. யாராவது புகார் எழுதிக் கொடுத்தால்தான் அது நகரும்.

சம்பவம் நடந்தால் என்ன செய்யணும்?

1. முதலில் உங்கள் பாதுகாப்பு. வாக்குவாதம் வேண்டாம். கதவுப் பக்கம் நகர்ந்து நில்லுங்கள். சக பணியாளரையும் காவலாளியையும் சத்தமாகக் கூப்பிடுங்கள். புறக்காவல் நிலையம் இருந்தால் அங்கே தகவல் சொல்லுங்கள், இல்லையென்றால் 112. தமிழ்நாடு காவல்துறையின் "காவல் உதவி" செயலியில் உள்ள அவசர பட்டனை அழுத்தினால், நீங்கள் இருக்கும் இடமும் காவல்துறைக்குப் போய்ச் சேரும்.

2. சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவரிடம் காட்டி, விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) பதிவு செய்யச் சொல்லுங்கள். வழக்கு என்று வரும்போது முக்கியமான ஆதாரம் அதுதான். கிழிந்த சீருடையைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள்.

3. அன்றைக்கே எழுதுங்கள். தேதி, நேரம், வார்டு, பேசிய வார்த்தைகள் அப்படியே, பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்று எல்லாம் வரட்டும். "தகாத வார்த்தையில் திட்டினார்" என்று எழுதுவதைவிட, என்ன சொன்னார் என்று எழுதுவதுதான் பயன்படும்.

4. நர்சிங் சூப்பிரண்டெண்ட் அல்லது நிலைய மருத்துவ அலுவலரிடம் புகாரைக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். அதே கடிதத்தில், "இந்த நேரத்துக்கான சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்" என்று ஒரு வரி சேருங்கள். சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

5. போனில் வீடியோ, ஆடியோ, மெசேஜ் இருந்தால் அசல் கோப்பை அழிக்காதீர்கள், எடிட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் வேண்டாம். அதில் நோயாளியின் முகம் இருந்தால் அது வேறு சிக்கலாகிவிடும்.

போலீசில் புகார் கொடுக்கும் வேலையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில், மத்திய அரசு மருத்துவமனைகளில் பணியாளர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் சார்பிலேயே எப்.ஐ.ஆர். பதிவாவதற்கு அதன் தலைவர்தான் பொறுப்பு என்று உத்தரவிட்டது. எந்த மருத்துவமனையும் பின்பற்றக்கூடிய நல்ல நடைமுறை இது.

"இது எங்க ஏரியா இல்லை" என்று சொன்னால்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, சம்பவம் எந்த ஏரியாவில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு முறையிலும் அனுப்பலாம், ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய் கையெழுத்துப் போடணும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். சி.எஸ்.ஆர். ரசீது என்பது புகார் பெற்றதற்கான சான்று மட்டுமே. அதை எப்.ஐ.ஆர். என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துப்பூர்வமாக அனுப்பலாம். அதன்பிறகும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுகலாம்.

தொல்லை உள்ளே இருந்தே வந்தால்?

வெளியிலிருந்து வந்தவர் சத்தம் போட்டால் நாலு பேர் கூடுவார்கள். கூட வேலை செய்பவரோ மேலதிகாரியோ தினமும் குத்திக்காட்டினால் யாரும் வருவதில்லை. நோயாளிகள் முன்னாலேயே அவமானப்படுத்துவது, ஒருவருக்கு மட்டும் தொடர்ந்து நைட் டியூட்டி போடுவது, வார விடுமுறையை வேண்டுமென்றே வெட்டுவது, டியூட்டி மாறும்போது தகவல் சொல்லாமல் மாட்டிவிடுவது, சின்ன விஷயத்துக்கெல்லாம் மெமோ என்று பயமுறுத்துவது போன்றவை இந்த வகை. தொகுப்பூதியத்திலும் ஒப்பந்தத்திலும் இருப்பவர்கள், வேலை போய்விடுமோ என்ற பயத்திலேயே வாயைத் திறப்பதில்லை.

மருந்து அளவில் தவறு நடந்தால் சீனியர் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பது தொல்லை அல்ல, அது அவர் கடமை. ஒரே ஆளைக் குறிவைத்து, திரும்பத் திரும்ப, சிறுமைப்படுத்தும் நோக்கத்தோடு நடந்தால்தான் அது தொல்லை.

இது இரண்டு பேருக்கு இடையிலான சண்டை என்று ஒதுக்கவும் முடியாது. சீனியரிடம் பேசவே பயப்படும் ஜூனியர், "இந்த டோஸ் சரியா சிஸ்டர்?" என்று கேட்க மாட்டார். கேட்காமல் போட்ட ஊசியின் விலையை நோயாளிதான் கொடுக்கணும்.

பணியிடத் தொல்லைக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதனால் இங்கே எழுத்து இன்னும் முக்கியம். ஒரு சிறு நோட்டில் தேதி, ஷிஃப்ட், நடந்தது, பார்த்தவர் என்று குறித்து வாருங்கள். டியூட்டி ரோஸ்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். நாலைந்து சம்பவங்கள் வரிசையாக இருந்தால், "நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க" என்ற ஒற்றை வரியில் யாரும் அதைத் தள்ளிவிட முடியாது. புகார் யார் மேலோ அவருக்கு மேல் உள்ள அலுவலருக்கு எழுதுங்கள். தபால் பிரிவில் முத்திரை வாங்குங்கள். அரசு மருத்துவமனை என்றால், புகார் மீது என்ன நடவடிக்கை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வரணும்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நர்சிங் கல்லூரியிலோ விடுதியிலோ சீனியர் மாணவர்கள் தொல்லை கொடுத்தால், தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997-ன் கீழ் 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பாலியல் தொல்லை: காலக்கெடு முக்கியம்

2013-ம் ஆண்டு சட்டப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு இருக்கணும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் கொடுக்கணும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் அவகாசம் தரலாம். விசாரணையை 90 நாளில் முடிக்கணும். விசாரணை நடக்கும்போதே இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கேட்கும் உரிமை உண்டு. நிரந்தரப் பணி, ஒப்பந்தப் பணி, பயிற்சி என்ற பேதம் இல்லை. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காகப் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது.

சின்ன கிளினிக்கில் வேலை செய்பவர்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. மத்திய அரசின் "ஷி-பாக்ஸ்" இணையதளத்திலும் பதிவு செய்யலாம். இந்தச் சட்டம் பெண்களுக்கு மட்டுமே. ஆண் செவிலியர்கள் நிர்வாகத்திடமும் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

துணைக்குப் போகும் நாம் என்ன செய்யலாம்?

டாக்டர் எப்போது வருவார், பெட் எப்போது கிடைக்கும், ஸ்கேன் ஏன் தாமதம் என்பதெல்லாம் சிஸ்டர் கையில் இல்லை. ஆனால் நம் கோபம் முதலில் விழுவது அவர் மேல்தான், ஏனென்றால் எப்போதும் கண்ணெதிரே இருப்பவர் அவர். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், யாரைக் கேட்கணும்?" என்று கேட்டால் வழி பிறக்கும். வார்டில் கூட்டம் சேர்க்காமல் ஒருவர் மட்டும் இருங்கள். சிகிச்சையில் உண்மையிலேயே குறை இருந்தால் பெயர், நேரம் குறித்து நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், அல்லது 104-க்குச் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டில்காரர் சிஸ்டரை மிரட்டுவதைப் பார்த்தால் காவலாளியைக் கூப்பிடுங்கள். பிறகு சாட்சியாக உங்கள் பெயரைக் கொடுங்கள். அந்த ஒரு கையெழுத்து அவருக்குப் பெரிய துணை.

போனில் சேமித்து வையுங்கள்

- அவசர உதவி, காவல்துறை: 112
- பெண்கள் உதவி எண்: 181
- மருத்துவ ஆலோசனை, புகார்: 104
- இலவச சட்ட உதவி: 15100
- மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
- ராகிங் தடுப்பு: 1800-180-5522
- செயலி: காவல் உதவி

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு செவிலியர் இருந்தால் இந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்புங்கள். நைட் டியூட்டி முடிந்து வரும்போது, "நேத்து வார்டுல பிரச்னை ஏதும் இல்லையே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருந்தது என்றால், அன்றைக்கே எழுத வையுங்கள்.