கிழியும் திரை, தைக்கும் வித்தை
கம்ப்யூட்டர் விளையாட்டில் படம் குறுக்கே பிளந்தால் பலருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் மீதுதான் சந்தேகம். கோளாறு இருப்பதோ இரண்டு கருவிகளின் தாளத்தில்.

எதிரி சுவரோரம் பதுங்கியிருக்கிறான். விளையாடுபவர் மவுஸைச் சடாரென்று திருப்புகிறார். திரையில் சுவர் குறுக்கே வெட்டுப்பட்டு, மேல்பாதி ஓரிடத்திலும் கீழ்ப்பாதி விரற்கடை தள்ளியும் நிற்கிறது. கண் இமைப்பதற்குள் சரியாகிவிடுகிறது. அடுத்த திருப்பத்தில் மறுபடியும் பிளக்கிறது.

'ஸ்க்ரீன் டியரிங்' எனப்படும் இந்தத் திரைக் கிழிசலைக் கண்டதும் புதிய கார்டு வாங்க டெல்லியின் நேரு பிளேஸுக்கோ மும்பையின் லாமிங்டன் ரோடுக்கோ கிளம்புகிறவர்கள் சற்று நிதானிப்பது பர்ஸுக்கு நல்லது. இன்னும் வேகமான கார்டு வந்தால் கிழிசல்களின் எண்ணிக்கை கூடினாலும் கூடும்.

காரணம் எளியது. சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஒரு படத்துக்குச் சுமார் 16.7 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படம் தீட்டப்படுகிறது. கார்டுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. வெறும் சுவர் என்றால் விநாடிக்கு 100 படம் வரைந்து தள்ளும். புகையும் வெடிப்புமாக இருந்தால் 45-க்கு இறங்கிவிடும். மானிட்டர் பாதி வரிகளைத் தீட்டியிருக்கும்போது கார்டு அடுத்த படத்தை நீட்டினால், மீதி வரிகள் புதிய படத்திலிருந்து வருகின்றன. இரண்டு படங்களும் சேரும் இடம்தான் கிழிசல்.

பழைய மருந்து: இதற்கு நீண்டகாலமாக இருக்கும் வைத்தியம் 'வி-சிங்க்'. குழாய் மானிட்டர்களில் எலெக்ட்ரான் கற்றை அடிவரியை முடித்து உச்சிக்குத் திரும்ப ஒரு சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் மட்டுமே புதிய படத்தைக் கொடு என்று கார்டுக்குக் கடிவாளம் போடுவதுதான் இது. குழாய் போய்த் தட்டைத் திரை வந்த பிறகும் ஏற்பாடு தொடர்கிறது.

கிழிசல் மறையும். ஆனால் கூலி கொடுக்க வேண்டும். 16.7 மில்லி விநாடியை மயிரிழையில் தவறவிட்ட படம், அடுத்த முறைக்காக 33.3 வரை காத்திருக்கிறது. விநாடிக்கு 60 படம் சட்டென்று 30 ஆகலாம். பட்டனை அழுத்துவதற்கும் திரையில் துப்பாக்கி வெடிப்பதற்கும் இடையே தாமதமும் கூடுகிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக், வாலரன்ட் போன்ற ஆட்டங்களில் போட்டியிடுபவர்கள் வி-சிங்கை அணைத்துவிட்டுக் கிழிசலோடு குடித்தனம் நடத்துவது இதனால்தான்.

தலைகீழ் யோசனை: கார்டு ஏன் மானிட்டருக்காகக் காத்திருக்க வேண்டும், மானிட்டர் காத்திருக்கக் கூடாதா? 2013 அக்டோபரில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் என்விடியா இந்தக் கேள்விக்குப் பதிலாக 'ஜி-சிங்க்' நுட்பத்தை அறிவித்தது. படம் தயாரானால் மட்டுமே திரை புதுப்பிக்கப்படும். கிழிசலும் இல்லை, திணறலும் இல்லை. ஆனால் அப்போது மானிட்டருக்குள் தனி சர்க்யூட் வேண்டியிருந்தது. ஒரு குறிப்பிட்ட மானிட்டரில் நாமே பொருத்திக்கொள்ளும் தொகுப்பின் விலை அப்போது 199 டாலராக இருந்தது. அதுவும் என்விடியா கார்டுக்கு மட்டுமே கட்டுப்பட்டது.

போட்டியாளரான ஏ.எம்.டி. சும்மா இருக்கவில்லை. 2014 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் கடையில் கிடைக்கும் லேப்டாப்களிலேயே அதே வித்தையைக் காட்டியது. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக லேப்டாப் திரைகளில் ஏற்கெனவே இருந்த வசதியைத்தான் அது விளையாட்டுக்குத் திருப்பிவிட்டது. பெயர் 'ஃப்ரீசிங்க்'. அதே ஆண்டு மே மாதம் தர நிர்ணய அமைப்பான வெஸா, இந்த முறையை டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. தனி சர்க்யூட் தேவைப்படாததால் மலிவு மானிட்டர்களுக்கும் வசதி வந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவே அத்தகைய மானிட்டர்களுக்குத் தன் கார்டுகளைத் திறந்துவிட்டது. 2024-ல் மீடியாடெக் நிறுவனத்தின் சிப்புக்குள்ளேயே ஜி-சிங்கைச் சேர்க்கப்போவதாகவும் அறிவித்தது. இரு கம்பெனிகளின் சண்டையில் லாபம் வாங்குபவருக்கு.

முதலில் செய்ய வேண்டியது: விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து பார்ப்பதற்குச் செலவே இல்லை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அடுத்து, ஃப்ரீசிங்க் வசதியை மானிட்டரின் மெனு, கார்டின் சாஃப்ட்வேர் இரண்டிலும் இயக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் பலனில்லை. பிறகு, படங்களின் எண்ணிக்கைக்கு மானிட்டரின் உச்சத்தைவிட மூன்று நான்கு குறைவாக வரம்பு போட வேண்டும்; 144-க்கு 140 போல. மலிவு மானிட்டர்கள் பலவற்றில் இந்த வசதி 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே வேலை செய்யும் என்பதையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

வசதியே இல்லாத பழைய மானிட்டரா? கதை சொல்லும் ஆட்டங்களுக்கு வி-சிங்க் போதும்; அரை நொடியில் உயிர் போகும் ஆட்டங்களுக்கு அதை அணைத்துவிடலாம். புதிய கார்டுக்கான பணம் அதுவரை வங்கியிலேயே இருக்கட்டும்.